ஊரார் விலைகொடுத்து மீட்ட ஆலயம்

ஒரு நகரின் வரலாற்றை நூலிற் படிப்பது ஒன்று. அதனைக் காலால் நடந்து காண்பது மற்றொன்று. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர்ப் பகுதியிலே, செவேர்ண், ஏவன் என்னும் இரு நதிகளும் கூடுமிடத்தில் அமைந்துள்ள டியூக்ஸ்பரி, அவ்வாறு நடந்து காண்பதற்கு மிக ஏற்ற சிற்றூராகும். மலையேற்றம் எதுவும் இல்லை. காலையிற் புறப்படுவோர் ஆறுதலாகச் சுற்றிவந்து மதிய போசனத்துக்குத் திரும்பிவிடலாம். முதியோரும் சிறுவரும் கூட இளைப்பின்றி நடக்கக்கூடிய வழி இது.

பழைய மடாலயத்தின் தேவாலய வாயிலில் நடையைத் தொடங்குவோம். நோர்மானியர் காலத்தில் எழுந்த இவ்வாலயத்துக்கு வேண்டிய கற்கள் நோர்மண்டியிலிருந்து கடல்வழியாக வந்து, பின்னர் செவேர்ண் நதிவழியே கொண்டுவரப்பட்டன. 1121ஆம் ஆண்டு இது இறைபணிக்கு அர்ப்பணஞ் செய்யப்பட்டது. 148 அடி உயர்ந்த இதன் சதுரக் கோபுரம் வழி நெடுகிலும் நம் கண்ணுக்குத் துணையாக நிற்கும்.

ஆலயத்தின் கீழே பழைய மாவாலை ஒன்று நிற்கிறது. அதன் அருகே ஓடும் கால்வாயை ஆலையை இயக்குவதற்காகத் துறவிகளே வெட்டினர் என்பர். அதனைக் கடந்தால் ‘ஹாம்’ எனப்படும் பரந்த புற்றரையை அடைவோம். நீர் சூழ்ந்த இந்த 170 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் ஒரு குடியிருப்பேனும் இல்லை. மாரியில் நதி பெருகி இதனை மூடும். கோடையில் வைக்கோலுக்கான புல் விளையும். வெள்ளத்துக்குரிய இடத்தை வெள்ளத்துக்கே விட்ட முன்னோர், நகருக்குள் ஒடுங்கிய சந்துகளில் வீட்டின் பின் வீடாக நெருக்கிக் கட்டி வாழ்ந்தனர்.

2007 ஜூலையில் பெய்த பெருமழை இந்த அறிவின் அருமையை உணர்த்தியது. ஊர் வெள்ளத்தால் சூழப்பட்டது. சற்றே மேடான நிலத்தில் நின்ற ஆலயம் தீவுபோற் காட்சியளித்தது. அருகிலிருந்த நீர் சுத்திகரிப்பு நிலையமும் மூழ்கியதால், சுமார் 350,000 மக்கள் பல நாட்கள் குழாய்நீரின்றித் தவித்தனர். எங்கும் வெள்ளம், குடிக்கவோ நீரில்லை!

புற்றரையைச் சுற்றி மீண்டும் ஆலைக்கு வந்து, தெற்கே திரும்பினால் ‘இரத்தப் புல்வெளி’ எனப்படும் இடம் உண்டு. 1471 மே 4ஆந் திகதி யோர்க், லங்காஸ்டர் குலத்தார் இங்கே பொருதனர். தோற்ற லங்காஸ்டர் பக்கத்து இளவரசன் எட்வேர்ட் மாண்டான். ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த பிரபுக்களும் வெளியே கொணரப்பட்டு, இரு நாட்களின் பின் நகரிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டனர். இன்று அங்கே புல் அமைதியாக அசைகிறது.

அங்கிருந்து வயல்வழியே திரும்பினால் மறுபடியும் ஆலயம். எட்டாம் ஹென்றி மன்னன் மடாலயங்களைக் கலைத்தபோது, 1540இல் இம்மடமும் அரசன் வசமாயிற்று. துறவிகளின் உறைவிடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. ஆலயமும் அவ்வழியே போயிருக்கும். ஆனால், அதன் ஒரு பகுதி நெடுங்காலமாகத் தங்கள் வழிபாட்டுக்குரியது எனக் கூறி ஊரார் முன்வந்தனர். கூரையின் ஈயத்துக்கும் மணிகளின் உலோகத்துக்கும் மதிப்பிட்ட 453 பவுணைச் செலுத்தி ஆலயத்தைத் தமதாக்கிக்கொண்டனர். அரசனின் கணக்கில் அது ஈயமும் வெண்கலமுமே. ஊராரின் கணக்கில் அது தங்கள் முன்னோர் தொழுத இடம்.

இங்கிலாந்தில் எத்தனையோ மடாலயங்கள் கூரையற்ற இடிபாடுகளாக நிற்க, இங்கே இன்றும் மணி ஒலிக்கிறது, வழிபாடு நடக்கிறது. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும். பழஞ்சின்னங்களை எழுப்புவோர் பெரும்பாலும் மன்னரும் பிரபுக்களுமே. அவற்றைக் காத்து நிற்போர், தக்க வேளையில் தம் கைப்பொருளை எடுத்துவைக்கும் சாதாரண ஊர்மக்களே.