மவுனத்தை வெட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்!

கொடுத்த கடனைத் திருப்பித் தராதவர் பேசிய பேச்சு, மாமூல் கேட்டு மிரட்டிய குரல், வீட்டு அட்வான்ஸ் தகராறு... இன்று எல்லாவற்றுக்கும் சாட்சி, சட்டைப் பையில் இருக்கும் செல்போன்தான்.

பதிவு செய்கிறார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. "நடுநடுவே பேச்சே இல்லை, போர் அடிக்குது" என்று காலியாக இருக்கும் இடத்தை எல்லாம் வெட்டி, மிச்சத்தை ஒட்டி, 'நீட்'டாகக் கொண்டுபோய்ப் போலீசில் கொடுக்கிறவர்களும் உண்டு.

அங்கேதான் வம்பு ஆரம்பம்! வெட்டியது வெறும் மவுனமாகவே இருக்கட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? "மவுனத்தை வெட்டியவர் பேச்சை வெட்டவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று ஒரே போடாகப் போடுவார். உண்மையான பதிவும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

பிளேடு போட்ட காலம்

இடைவெளியை எடுப்பது தப்பு ஒன்றும் இல்லை. ரேடியோவில் அது அன்றாட வேலை.

டேப் காலத்தில் கால் அங்குல அகல நாடா, வினாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். பேசுகிறவர் 2 வினாடி தயங்கினால் 15 அங்குல நாடா வீண். எடிட்டர் சுருளைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிப் பார்ப்பார். இடம் தெரிந்ததும் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. பிளேடால் ஒரு வெட்டு. இரண்டு முனையையும் சேர்த்து வைத்துப் பின்பக்கம் ஒட்டு நாடா. அவ்வளவுதான், இடைவெளி அம்பேல்!

நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் 'டக்' என்று சத்தம் கேட்கும் என்பதால் சாய்வாக வெட்டுவார்கள்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். 'ஆடாசிட்டி' போன்ற இலவச சாப்ட்வேரில், மவுனத்தைச் சுருக்குவதற்கு என்றே தனிக் கட்டளை உண்டு. ஒட்டும் இடத்தில் முதல் துண்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே அடுத்த துண்டைக் கூட்டுவார்கள். வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். 'டக்' சத்தம் போயே போச்சு. காதுக்கு ஒன்றும் தெரியாது.

கரண்ட் காட்டிக் கொடுக்கும்

ஆனால் மவுனம் என்று நாம் நினைப்பது மவுனமே அல்ல. அதற்குள் மின்விசிறி சுற்றுகிறது. பிரிட்ஜ் முனகுகிறது. தெருவில் ஆட்டோ போகிறது. சினிமா சவுண்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எல்லோரையும் 'கப்சிப்' என்று நிற்கவைத்து, வெறும் அறையின் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள். பிறகு வெட்டிய இடத்தில் அதைப் போட்டு நிரப்புவார்கள். இல்லையென்றால் பின்னணி இரைச்சல் சட்டென்று தாவும்.

இன்னொரு சங்கதி, கரண்ட். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்குச் சுமார் 50 சுற்று. அந்த மெல்லிய முனகல் பல பதிவுகளில் ஏறிவிடும். சீராகப் போகும் அந்த அலை, வெட்டிய இடத்தில் பொருந்தாமல் குதிக்கும். அதைத்தான் தடயவியல் நிபுணர்கள் தேடுகிறார்கள்.

அந்த 50-ம் கச்சிதமான 50 அல்ல. கரண்ட் தேவை கூடும்போதும் குறையும்போதும் நூலிழை ஏறி இறங்கும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்தது. அதன்பின் கன்னியாகுமரியிலும் டெல்லியிலும் ஒரே துடிப்புதான். ஏற்ற இறக்கத்தை எழுதிவைத்த கணக்கு இருந்தால், பதிவு எந்த நேரத்தில் எடுத்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லாப் பதிவிலும் முனகல் கிடைக்காது. கிடைத்தால் அது கைரேகை மாதிரி!

பதினெட்டரை நிமிடம்

உலகத்தையே உலுக்கிய இடைவெளி ஒன்று உண்டு. அமெரிக்காவில் எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டிடத்தில் 1972 ஜூன் 17 அன்று திருடர்கள் பிடிபட்டார்கள். மூன்றாம் நாள் ஜனாதிபதி நிக்சனும் அவரது உதவியாளர் ஹால்டிமனும் பேசிய டேப்பில் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை. வெறும் 'ஙொய்' சத்தம்!

"தவறுதலாகப் பட்டனை அழுத்திவிட்டேன். 5 நிமிடம் அழிந்திருக்கலாம்" என்ற பொருளில் நிக்சனின் செயலாளர் ரோஸ் மேரி உட்ஸ் சாட்சி சொன்னார்.

கோர்ட்டு 6 நிபுணர்களிடம் டேப்பை ஒப்படைத்தது. காந்தத் துகள் கலந்த திரவத்தை நாடாவில் பூசிப் பார்த்தார்கள். அழிக்கும் முனை பதித்த தழும்புகள் கண்ணுக்கே தெரிந்தன. குட்டு வெளிப்பட்டது! 1974 ஜனவரியில் அவர்கள் சொன்ன முடிவு: ஒரே தடவையில் அழிந்தது அல்ல. குறைந்தது 5 தடவை, கையால் பட்டனை அழுத்தி அழிக்கப்பட்டிருக்கிறது.

அழித்தது யார் என்பது கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகக் காரணமாக இருந்தது வேறொரு டேப். ஆனால் அவர் மீது ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையைத் தின்றதில் அந்தப் பதினெட்டரை நிமிடத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

கோர்ட்டு கேட்பது என்ன?

நம் சுப்ரீம் கோர்ட்டு 1985-ல் ராம்சிங் தேர்தல் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குரல் யாருடையது என்று அடையாளம் தெரியவேண்டும். பேச்சு வழக்கோடு சம்பந்தப்பட்டதாக இருக்கவேண்டும். வார்த்தை தெளிவாகக் கேட்கவேண்டும். பதிவைச் சீல் வைத்துப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். முக்கியமாக, எதையும் அழித்திருக்கவோ மாற்றியிருக்கவோ வழியே இல்லை என்று காட்டவேண்டும்.

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, பிரதி எடுத்துக் கொடுத்தால் சான்றிதழும் வேண்டும். அதில் 'ஹாஷ்' என்ற எண்ணைக் குறிப்பிடவேண்டும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தரும் எண் அது. பதிவில் கடுகளவு மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். அரை வினாடி மவுனத்தை எடுத்தாலும் அதே கதிதான்.

ஆகவே, பதிவு கைக்கு வந்ததும் அதில் கை வைக்காதீர்கள். ஒரு பிரதி எடுங்கள். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் பிரதியில் மட்டும். போலீசுக்குக் கேட்க வசதியாக இருக்கட்டும் என்று சுருக்கிக் கொடுத்தாலும், "இது சுருக்கியது, முழுப் பதிவு என்னிடம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சே என்று பதிவு செய்த போனை விற்றுவிடாதீர்கள்.

கேட்க அலுப்பாக இருக்கும் அந்த வெற்று நிமிடங்கள்தான், பேசிய நிமிடங்களுக்கு ஜாமீன்!