கோடு கிழித்தது யார்?

2011ஆம் ஆண்டு கோடையில் பெர்லின் நகரத்தில் இரவானால் கார்கள் எரிந்தன. ஆகஸ்டில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்ட கார்கள் கருகிய நாள்களும் உண்டு. செப்டம்பரில் மாநிலத் தேர்தல் வேறு. கட்சிகள் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டன. மத்திய போலீஸ் உதவிக்கு வந்தது, ஹெலிகாப்டர் சுற்றியது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: இது தீவிர இடதுசாரிகளின் வேலை. அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. க்ராய்ட்ஸ்பெர்க் போன்ற பகுதிகளில் பணக்காரர்கள் குடியேறி வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே இரவில் தெருவில் போர்ஷே காரை நிறுத்தச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன் என்று நகரத்தின் போலீஸ் தலைவரே சில ஆண்டுகளுக்கு முன்பு பேசி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் ஆள் சிக்கினார். பொதுப் போக்குவரத்துக் கேமராப் பதிவுகளைச் சலித்துப் பார்த்துப் பிடித்தார்கள். வயது 27. எந்த இயக்கத்திலும் இல்லை, கொடி பிடித்ததில்லை. வேலை கிடையாது, கடன் இருந்தது. ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கார்களாகப் பார்த்துத் தீ வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்ற பாவத்துக்குப் பற்றிக்கொண்டவற்றையும் சேர்த்தால் சேதமான கார்கள் நூறைத் தாண்டின. தன் வாழ்க்கை இப்படி இருக்க, மற்றவர்கள் நன்றாக இருக்கிறார்களே என்ற ஆத்திரம்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஒரு வேலை கிடைத்த பிறகு அவரே நிறுத்திவிட்டார் என்றும் அப்போது செய்திகள் வந்தன. 2012 ஏப்ரலில் ஏழு ஆண்டு சிறைத் தண்டனை.

அரசியல் என்று ஊரே நம்பிய இடத்தில் வயிற்றெரிச்சல் இருந்தது. நம் பக்கம் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். புதுக்காரின் கதவில் ஒரு நீளக் கோடு விழுந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது, “எவனோ பொறாமை பிடிச்சவன் வேலை.” அந்தத் தீர்ப்பு எத்தனை தடவை சரியாக இருக்கும் என்பதுதான் கேள்வி.

பொறாமையே கிடையாது என்று யாரும் சொல்லமுடியாது. 2001இல் டேனியல் ஸிஸோ, ஆண்ட்ரூ ஆஸ்வால்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பிரிட்டனில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் பந்தயம் கட்டும் விளையாட்டு. சிலருக்கு மட்டும் காரணமே இல்லாமல் கூடுதல் பணம் கிடைக்கும்படி ஏற்பாடு. கடைசியில் எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு: யார் செய்தது என்று தெரியாமல் அடுத்தவர் பணத்தை அழிக்கலாம். ஆனால் அழிப்பவரும் தன் கையிலிருந்து கொஞ்சம் இழக்கவேண்டும். தனக்கும் நஷ்டம் என்று தெரிந்தே பெரும்பாலானவர்கள் அழித்தார்கள்.

அதைவிட முக்கியமானது, யாருடைய பணத்தை அழித்தார்கள் என்பது. குறைவாகப் பெற்றவர்கள் பலர், எதிராளிக்கு அந்தப் பணம் நியாயமாக வந்ததா என்று பார்த்தார்கள். சும்மா கிடைத்த பணத்தின்மீது கோபம் கூடுதலாகப் பாய்ந்தது. டீக்கடையில் கேட்கிற பேச்சும் இதுதானே? ஒரே மாதிரி இரண்டு கார் தெருவில் போகும். ஒன்றைப் பார்த்து, “கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த மனுஷன், அனுபவிக்கட்டும்” என்பார்கள். இன்னொன்றைப் பார்த்து, “எல்லாம் ஊரை அடிச்ச காசு.”

ஆனால் காரின்மேல் கை வைக்கும் தைரியம் எல்லாப் பொறாமைக்கும் வருவதில்லை. 1968இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வேடிக்கையானது. ஆன்டனி டூப், ஆலன் கிராஸ் என்ற இருவரும் கலிஃபோர்னியாவில் சிக்னல் பச்சையான பிறகும் காரை நகர்த்தாமல் நிறுத்தி வைத்தார்கள். பளபளக்கும் கிரைஸ்லர் இம்பீரியல் நின்றபோது, பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர்தான் ஹாரன் அடித்தார்கள். பழைய சாதாரணக் கார் நின்றபோது 84 சதவீதம். இதே சூழ்நிலையைத் தாளில் எழுதி மாணவர்களிடம் கேட்டபோது, ஆண்கள் சொன்ன பதில் நேர்மாறு: விலை உயர்ந்த காரைப் பார்த்துத்தான் சீக்கிரம் ஹாரன் அடிப்போம் என்றார்கள். தாளில் வீரம், தெருவில் மரியாதை. நேருக்கு நேர் பணியத் தெரிந்த மனிதனுக்கு, யாரும் பார்க்காத பார்க்கிங் இருட்டில் கையில் சாவி இருப்பது வேறு விஷயம்.

பொறாமைக்குச் சம்பந்தமே இல்லாமல் கார்கள் அடிபட்ட கதைகளும் நிறைய.

2022 மார்ச்சில் பிரிட்டனில் ‘டயர் எக்ஸ்டிங்குவிஷர்ஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டம் கிளம்பியது. லண்டன், எடின்பரோ என்று பணக்காரப் பகுதிகளில் பெரிய எஸ்யூவி கார்களைத் தேடிப்பிடித்து இரவில் காற்றை இறக்கிவிட்டுப் போனார்கள். கருவி என்ன தெரியுமா? சின்னப் பருப்பு ஒன்று, டயர் வால்வு மூடிக்குள். கண்ணாடியில் ஒரு துண்டுப் பிரசுரம்: கோபப்படாதீர்கள், பிரச்சினை நீங்கள் அல்ல, உங்கள் கார்தான் என்கிற பாணியில். அவர்கள் எதிர்த்தது பருவநிலையைக் கெடுக்கும் புகையை. இதற்கு முன்னோடி, 2007இல் ஸ்டாக்ஹோமில் இதையே செய்த ஒரு குழு. பருவநிலைக் கவலை நியாயமானதுதான். காலையில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்து காற்றில்லாத சக்கரத்தைப் பார்ப்பவருக்கு அந்தப் பிரசுரம் என்ன ஆறுதல் தரும் என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

டெஸ்லா கதை இன்னும் விசித்திரம். சுற்றுச்சூழலை நினைத்து மின்சாரக் கார் வாங்கியவர்கள் 2025 தொடக்கத்தில் திடீரென்று குறியானார்கள். காரை மாற்றவில்லை, ஓட்டும் விதத்தையும் மாற்றவில்லை. மாறியது கம்பெனி முதலாளி ஈலான் மஸ்க்கின் அரசியல். டிரம்ப் ஆட்சியில் அரசு ஊழியர்களைக் குறைக்கும் வேலையில் அவர் இறங்கியதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் டெஸ்லா கார்கள் கீறப்பட்டன, ஷோரூம்கள் தாக்கப்பட்டன. மார்ச் 18 அதிகாலையில் லாஸ் வேகஸில் ஒரு டெஸ்லா பழுதுபார்ப்பு மையத்தில் கார்களுக்குத் தீ வைத்தார்கள். பல உரிமையாளர்கள், அவர் இப்படி ஆவார் என்று தெரிவதற்கு முன்பே வாங்கியது இது என்று எழுதிய ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஓட்டினார்கள். காரை விற்கவும் மனமில்லை, அடிவாங்கவும் தயாரில்லை.

நமக்குப் பக்கத்தில் வந்தால், 2024 ஏப்ரலில் ஹைதராபாத் புறநகரில் ஒரு லம்போர்கினி பட்டப்பகலில் இல்லாவிட்டாலும் நடுரோட்டில் எரிந்தது. 2009ஆம் வருட மாடல், மதிப்பு ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். வீடியோவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் ‘பொறாமை’ என்று எழுதியிருப்பார்களோ. எரித்ததாகப் போலீஸ் சொன்னது பழைய கார் வாங்கி விற்பவர்களை. உரிமையாளரோடு அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் தகராறு. விற்கப்போவதாகச் சொல்லிக் காரை வரவழைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள்.

எனவே கோடு விழுந்த காரின் சொந்தக்காரர் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி, “யாருக்கு என்மேல் பொறாமை?” என்பது அல்ல. யாருடைய வாசலை மறித்து நிறுத்தினோம், யாரோடு வாய்த்தகராறு, யாருக்குப் பணம் பாக்கி என்பதுதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பார்க்கிங் கோட்டைத் தாண்டி அரை அடி நின்ற பெரிய கார் எழுப்பும் கோபத்துக்கு எந்தப் பொறாமையும் ஈடாகாது. பிறகு பந்து விளையாடும் பிள்ளைகள், சந்துக்குள் நுழையும் தண்ணீர் கேன் வண்டி, ஹேண்டில்பாரால் உரசிக்கொண்டு போகும் பைக். இவை எதற்கும் உங்கள் பேரில் விரோதம் கிடையாது.

சொகுசுக் கார்க்காரர்களுக்குக் கசக்கக்கூடிய ஒரு தகவலும் உண்டு. பால் பிஃப் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பாதசாரிக்கு யார் வண்டியை நிறுத்துகிறார்கள் என்று மறைந்திருந்து பார்த்தார்கள். மிக மலிவான ரகக் கார்கள் அத்தனையும் நின்றன. மிக உயர்ந்த ரகத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை நிற்காமல் போயின. சிறிய ஆய்வுதான், இதை வைத்து ஒரு வர்க்கத்தையே எடைபோடக்கூடாது. ஃபின்லாந்தில் 1,892 கார் உரிமையாளர்களிடம் நடத்திய 2020ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் நுட்பமானது: ஆடி, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வைத்திருக்கும் ஆண்களில் விட்டுக்கொடுக்காத பிடிவாதக்காரர்களும் அதிகம், ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவர்களும் அதிகம். ஊர் நினைவில் நிற்பது முதல் ரகம். அவர் வாங்கிவைத்த வசையை இரண்டாவது ரகத்துக்காரரின் கார் கதவு சுமக்கிறது.

கண் திருஷ்டி விஷயத்தில் நம் ஊருக்கு நல்ல அனுபவம். ஷோரூமிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய், நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, முன்னால் கறுப்புக் கயிறு கட்டித்தான் இரண்டு கோடி ரூபாய்க் காரும் வீட்டுக்கு வருகிறது. இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல்ஸ் வான் டி வென் குழுவினர் 2010இல் ‘கண்ணேறு’ பற்றியே ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தகுதி இல்லாமல் பரிசு பெற்றவர்கள், மற்றவர் வயிறெரிவார் என்று பயந்தபோது அவருக்கு வலியப் போய் உதவினார்கள். கீழே சிந்திய ரப்பர்களைப் பொறுக்கிக் கொடுக்கிற அளவுக்கு. பயம் மனிதனைக் கொஞ்சம் பணிவாக்குகிறது. புதுக்கார் வந்த அன்று பக்கத்து வீடுகளுக்கு இனிப்புக் கொடுக்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது. வாட்ச்மேனுக்கும் ஒரு பெட்டி போகட்டும். இரவு முழுக்க அந்தக் காரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

சரி, கோடு விழுந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் கீறலின் ஆழத்தைப் பாருங்கள். கார் பெயிண்டின் மேல் இருக்கும் தெளிவான பூச்சு ஒரு தலைமுடி அளவுகூடத் தடிமன் கிடையாது. கீறல் அதோடு நின்றிருந்தால் பாலிஷ் போதும். நகம் வைத்தால் மாட்டிக்கொள்கிறது என்றால் ஆழமாகப் போயிருக்கிறது. டிங்கரிங் கடையில் முழுப் பேனலையும் அடிக்கவேண்டி வரலாம். மெட்டாலிக் நிறமானால் பக்கத்துப் பேனலுக்கும் கொஞ்சம் படரவிட்டுத்தான் சேர்க்கமுடியும். அங்கேதான் பில் எகிறும். இப்போது பலர் புதுக்காரிலேயே பிபிஎஃப் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பாலியூரித்தேன் படலத்தை ஒட்டிவிடுகிறார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைக் காக்கப் பயன்பட்ட தொழில்நுட்பத்தின் வாரிசு அது. லேசான கோடுகள் வெயில் சூட்டில் தாமாக மறையும். வெறியோடு இழுத்த சாவிக்கு முன்னால் அதுவும் கிழியும், ஆனால் பெரும்பாலும் பெயிண்ட் பிழைக்கும்.

இன்ஷூரன்ஸ்காரரிடம் ஓடுவதற்கு முன் ஒரு கணக்கு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கீறலுக்கு ஒரு பைசா வராது. முழுப் பாலிசியில் விஷமச் செயலால் வரும் சேதமும் அடங்கும். ஆனால் க்ளெய்ம் கேட்டால், ஐந்து ஆண்டு கேட்காமல் சேர்த்த 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் மறுவருடம் பூஜ்யமாகிவிடும், அதைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய. சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும் பிரீமியம் ஒரு லட்சம் என்றால், போனஸின் மதிப்பு 50,000. பெயிண்டிங் பில் 20,000 என்றால் கைக்காசைப் போட்டுச் சரிசெய்வதே லாபம்.

வேண்டுமென்றே செய்தது என்று உறுதியானால் போலீசுக்குப் போகலாம். 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில், 50 ரூபாய்க்குச் சேதம் ஆனாலே இரண்டு ஆண்டுவரை தண்டனை என்றிருந்தது. அந்த 50 ரூபாய் கடைசிவரை ஏறவே இல்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவு கணக்கை மாற்றியது. 20,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்குள் சேதம் என்றால் இரண்டு ஆண்டுவரை, ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டுவரை சிறை. ஆகவே புகாரோடு ஒர்க்ஷாப் கொடுக்கும் எஸ்டிமேட்டையும் சேர்த்துக் கொடுப்பது அவசியம். எந்த உட்பிரிவு பொருந்தும் என்பதை அந்தத் தொகைதான் முடிவு செய்யும்.

ஆள் யார் என்று காட்ட ஆதாரம் வேண்டும். நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேம் இன்று எந்தக் காருக்கும் கிடைக்கிறது. டெஸ்லாவில் 2019 முதல் ‘சென்ட்ரி மோட்’ என்ற பெயரில் காரின் சொந்தக் கேமராக்களே காவல் காக்கின்றன, 2025 தாக்குதல்களில் பலர் பிடிபட்டது இந்தப் பதிவுகளால்தான். உங்கள் காரில் எதுவும் இல்லை என்றால் மிஞ்சுவது அடுக்குமாடிக் குடியிருப்பின் சிசிடிவியும் எதிர்க்கடைக் கேமராவும். பல இடங்களில் சில நாள்களிலேயே பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். யார்மேல் சந்தேகம் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதைத் தள்ளிவையுங்கள். கீறலைப் பார்த்த அன்றே அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.