மைக்கா: 66,000 பேர் கேட்ட கணக்கு

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள போ தேயிலைத் தோட்டத்தை 1929இல் தொடங்கியவர் ஜே.ஏ. ரசல். இன்றும் அது ரசல் குடும்பத்தின் தனியார் நிறுவனம். கொழுந்து பறிக்கும் கைகளுக்கு அதன் கணக்கைக் கேட்கும் உரிமை இல்லை. ஆனால் மலேசியத் தோட்டத் தமிழர்கள் பெருந்திரளாகப் பங்குதாரர் ஆன நிறுவனம் ஒன்று உண்டு: மைக்கா ஹோல்டிங்ஸ்.

மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சித் தலைவர் சாமிவேலுவின் முயற்சியில் 1982இல் அந்நிறுவனம் பிறந்தது. நாட்டின் பொருளாதாரத்தில் இந்தியர்களின் பங்கை உயர்த்துவதே நோக்கம். ஒரு பங்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). சுமார் 66,000 பேர் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்தவர்களும் உண்டு.

மைக்கா பொது நிறுவனம்தான், ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. வினை இங்கேதான் தொடங்கியது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்கு விலை நாள்தோறும் தெரியும், காலாண்டு அறிக்கை வரும், நம்பிக்கை போனால் பங்கை விற்று வெளியேறலாம். மைக்காவின் பங்குதாரருக்கு இவை எதுவும் இருக்கவில்லை. ஆண்டறிக்கையும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் மட்டுமே நிர்வாகத்தோடு பேச வழியாக இருந்தன. அந்த வழி அடைபட்டால் வதந்திதான் மிஞ்சும்.

1990இல் டெலிகாம் மலேசியா பங்குகள் வெளியானபோது மைக்காவுக்கு ஒரு கோடிப் பங்குகள் ஒதுக்கப்பட்டன. வந்து சேர்ந்தவை 10 லட்சம். மற்ற 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயின. முழுவதையும் வாங்க மைக்காவிடம் பணமில்லை என்றது ம.இ.கா. தலைமை. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. எவர்மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆயினும் சந்தேகம் தீரவில்லை. முடிவெடுத்த அன்றே பங்குதாரரிடம் சொல்லியிருக்க வேண்டிய விளக்கம், சர்ச்சை வெடித்தபின் வந்தால் சமாளிப்பாகத்தான் படும்.

பங்குதாரரே சிறப்புக் கூட்டம் கூட்டச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு வாக்குரிமையில் 10 விழுக்காடு சேர வேண்டும். சராசரிக் கணக்கில் 6,600 பேர்! நாடெங்கும் தோட்டங்களில் சிதறிக் கிடந்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது ஏட்டளவில் மட்டுமே எளிது.

2010இல் தொழிலதிபர் ஜி. ஞானலிங்கத்தின் ஜி டீம் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு 80 சென் தர முன்வந்தது. கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பின், போட்ட முதலிலும் 20 சென் குறைவு.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இன்று காலாண்டு முடிந்த இரண்டு மாதத்துக்குள் கணக்கை வெளியிட வேண்டும். 2000இல் அமைந்த சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு அவற்றின் பொதுக்கூட்டங்களில் கேள்வி எழுப்புகிறது. 2025 மார்ச் 1 முதல் இணையவழியில் மட்டும் பொதுக்கூட்டம் நடத்தவும் அவற்றுக்கு அனுமதியில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள பொது நிறுவனங்களை இந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை.