கொல்லைக் குறிப்புகள் – 17: குருட்டுக் கொக்கின் கண்

சென்ற வாரம், குட்டை வெட்டித் தண்ணீர் கட்டி, சென்னைக் கொளத்தூரிலிருந்து காற்றடைத்த பைகளில் மீன் வந்து இறங்கியதுவரை சொல்லி நிறுத்தியிருந்தேன். 16 தங்கமீன், 6 கோய் கெண்டை, ஆக 22. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விட்டேன். வியாழக்கிழமை காலையில் எண்ணினால் 15தான் தேறியது. ஓடுகிற மீனை எண்ணுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் 15.

முதல் சந்தேகம் எதிர்வீட்டுச் சாம்பல் பூனைமேல் விழுந்தது. எங்கள் வீட்டுப் பால் பாத்திரம் தொடர்பாக அதன்மேல் ஏற்கெனவே ஒரு பிராது உண்டு. பக்கத்து வீட்டு அத்தை மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"பூனை திங்கறதா இருந்தா தலையும் வாலும் கெடக்குமே தம்பி. இங்க ஒரு செதிலக்கூடக் காணுமே."

அத்தை சொன்னது சரிதான். குட்டையைச் சுற்றி ரத்தமில்லை, முள்ளில்லை. குட்டைக்குள் இறங்கும் படிக்கட்டின் மேல்விளிம்பில் மட்டும் சுண்ணாம்பு சிந்தினாற்போல் வெள்ளையாக ஒரு கோடு. படியோரச் சேற்றில், முன்னால் மூன்று விரலும் பின்னால் நீளமாக ஒரு விரலும் பதிந்த தடம். மென்று தின்னாமல் முழுசாக விழுங்குகிற யாரோ வந்துபோயிருக்கிறார்.

மறுநாள் ஐந்தரைக்கே எழுந்து, விளக்கைப் போடாமல் சமையலறை ஜன்னலோரம் காபியோடு உட்கார்ந்தேன். படியில் வாழைச்சருகு ஒன்று கிடந்தது. வெளிச்சம் கொஞ்சம் ஏறியதும் பார்த்தால் சருகுக்குக் கண் இருந்தது. மஞ்சள் கண். கோடுகோடாகப் பழுப்பு மார்பு, மண் நிற முதுகு, தோளுக்குள் புதைத்துக்கொண்ட கழுத்து. மடையான்! அது ஒரு காலைத் தூக்கி அடுத்த படியில் வைப்பதற்குள் நான் ஒரு தம்ளர் காபியைக் குடித்து முடித்துவிட்டேன். கால் தண்ணீருக்குள் இறங்கியபோது ஒரு வளையம்கூட எழும்பவில்லை. கழுத்து மெல்ல நீண்டது தெரிந்தது. குத்தியது தெரியவில்லை. அலகின் குறுக்கே ஆரஞ்சு நிறத்தில் என் தங்கமீன் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தரம் உதறி, தலை முதலில் போகும்படி திருப்பிக்கொண்டது. வாலை முதலில் விட்டால் செதிலும் துடுப்பும் தொண்டையில் எதிர்த்து நிற்குமே. கழுத்துக்குள் ஒரு முடிச்சு மெதுவாகக் கீழே இறங்கியது.

நான் கதவைத் திறந்தேன். சருகு எழுந்து பறந்தது. பறக்கும்போது அது முழு வெள்ளை.

குளத்துக் கொக்கு, மடையான், நொள்ளை மடையான் என்றெல்லாம் இதற்குப் பெயர் உண்டு. குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். கிட்டத்தில் ஆள் வரும்வரை அசையாமல் நிற்பதால் கண் தெரியாத பறவை என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். உண்மையில் அது தன் நிறத்தை நம்பி நிற்கிறது. கண்ணைப் பற்றிச் சொல்வதென்றால், வாளித் தண்ணீரில் விழுந்த காசை எடுக்கக் கைவிட்டுப் பாருங்கள். காசு இருக்கிற இடம் வேறு, தெரிகிற இடம் வேறு. தண்ணீரில் ஒளி வளைவதால் வரும் இந்தக் கோணலைக் கணக்குப் பண்ணித்தான் கொக்கினத்துப் பறவைகள் குத்துகின்றன. மீனின் நிலைமை மோசம். அதற்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். கரையில் தாழ்ந்து நிற்பவர் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிப்போய்த் தெரிவார். கொக்கு குனிந்து பதுங்குவது சும்மா இல்லை.

இதன் சொந்தக்காரர் ஒருவர் இன்னும் கெட்டிக்காரர். ஜப்பானின் குமமோட்டோ நகரப் பூங்கா ஒன்றில் பச்சைக் கொக்குகள் பூச்சியையும் ரொட்டித் துணுக்கையும் தண்ணீரில் போட்டுவிட்டு, அதைத் தின்ன வரும் மீனைப் பிடிப்பதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தூண்டில் போடத் தெரிந்த கொக்கு! என் வீட்டுக்கு வந்தவருக்கு அந்தச் சிரமமே இல்லை. இரை போடுகிற வேலையை நானே செய்துகொண்டிருந்தேன்.

எப்படி என்றால், தினமும் விடிந்ததும் படிக்கட்டின் மேல்விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தீனி தூவுவேன். நாலே நாளில் மீன்கள் பழகிவிட்டன. தண்ணீர்மேல் நிழல் விழுந்தால் சோறு என்று பாடம். நிழல் என்னுடையதா கொக்கினுடையதா என்று அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நிறம் இன்னொரு வினை. ஜப்பானில் நீகாட்டா மலைக்கிராமங்களில் சாப்பாட்டுக்கென்று வளர்த்த கெண்டையிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில், நிறம் பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்ததுதான் கோய். கரையில் நின்று குனிந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. முதுகில் சிவப்பும் வெள்ளையும் பளிச்சென்று இருக்கும். நம் ஆற்றுக் கெண்டைக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் சேறோடு சேறு. மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்த்த மீனை வாங்கிவந்து, மேலிருந்து பார்த்துப் பிழைக்கிற பறவைக்கு முன்னால் வைத்துவிட்டேன். அதுவும் படிக்கட்டு போட்டு. "கோயில் குளம் மாதிரி இருக்கும் சார்" என்று கொத்தனார் சொன்னபோது நானும் மயங்கிவிட்டேன். முதல் படியில் நாலு விரல்கடைத் தண்ணீர், அடுத்ததில் அரை அடி. கொக்குக்குக் காலளவு எடுத்துக் கட்டினதுபோல.

அடுத்த இரண்டு வாரங்களில் செய்த கோமாளித்தனங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் வராமல் இருந்தது. வைக்கோல் பொம்மைக்கு என் சட்டையை மாட்டினேன், இரண்டு நாள். கடையில் பிளாஸ்டிக் கொக்கு விற்றார்கள். ஒன்று நிற்கிற இடத்துக்கு இன்னொன்று வராதாம். வந்தது. பொம்மைக்குப் பக்கத்தில் நின்று மீன் பிடித்தது. இரை இருக்கிற இடத்தில் கொக்குகள் ஒன்றைப் பார்த்து ஒன்று இறங்கும் என்பதை வயலில் ஏர் ஓட்டும்போது பார்க்காதவனா நான்?

பிறகுதான் வலை. இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கூசி வலை ஒன்றை வாங்கிக் குட்டைமேல் தொளதொளவென்று போர்த்திவிட்டேன். பார்வைக்கு இடைஞ்சல் இல்லை என்று பெருமை வேறு. ஐந்தாம் நாள் மத்தியானம் வலையின் ஓரத்தில் ஏதோ புரண்டது. தண்ணீர்ப்பாம்பு. இரண்டரை அடி இருக்கும், முதுகில் சதுரங்கக் கட்டம்போல் கருப்புப் புள்ளி. தலையை ஒரு கண்ணிக்குள் விட்டிருக்கிறது. உடம்பின் பருத்த பகுதி வந்ததும் முன்னால் போக முடியவில்லை. செதில் எதிர்ப்பதால் பின்னாலும் இழுக்க முடியவில்லை. திமிறத் திமிற நரம்பு சதைக்குள் இறங்கியிருந்தது.

"விஷமில்லாததுதான். ஆனா கடிக்கும். பார்த்து" என்றார் அத்தை. ஒரு சாக்கைத் தலைப்பக்கம் போட்டு அவர் பிடித்துக்கொள்ள, நகவெட்டியால் ஒவ்வொரு கண்ணியாக நறுக்கினேன். கத்தரிக்கோல் நுழைய இடமில்லை. நரம்பு அறுகிற ஒவ்வொரு தடவையும் அது உடம்பை ஒருமுறை முறுக்கும். கையெல்லாம் அதன் நாற்றம். பயந்தால் அது கழிக்கிற நாற்றம் சோப்புக்குப் போகாது. முக்கால் மணி நேரம் ஆனது. விட்டதும் குட்டைக்குள் போகாமல் வேலியை நோக்கிப் போயிற்று. கழுத்தில் சிவப்பு வளையம் தெரிந்தது. பிழைத்ததா என்று தெரியாது. பாம்பு இன்னது என்று உறுதியாகத் தெரியாதவர்கள் இப்படிக் கைவைக்க வேண்டாம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

வலையைச் சுருட்டி எறிந்தேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்குப் போர்த்தும் வலைக்கே சட்டம் உண்டு. 2021 செப்டம்பர் முதல், இழுத்துப் பிடித்த நிலையில் கண்ணி 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. சுண்டுவிரல் நுழைகிற வலை ஏதோ ஒரு ஜீவனின் கழுத்துக்குச் சுருக்கு என்பதுதான் விஷயம். வலை போட்டே ஆகவேண்டும் என்றால் தடித்த நூலில், வெள்ளையாக, பார்த்ததும் தெரிகிற மாதிரி இருக்கட்டும். கம்பிச் சட்டத்தில் முரசுத் தோல்போல இழுத்துக் கட்டுங்கள், தண்ணீருக்கு ஓரடி மேலே. தொய்ந்த வலைதான் கொல்கிறது.

பறவையை அடித்து விரட்டலாமே என்று கேட்ட நண்பர்களும் உண்டு. கொக்கையோ மீன்கொத்தியையோ பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அது என்ன தப்பு செய்தது? இலை போட்டேன், உட்கார்ந்தது.

ஆகவே இலையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கொத்தனாரைத் திரும்ப வரவழைத்து இரண்டு படிகளையும் உடைக்கச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். இப்போது கரை செங்குத்து, விளிம்பிலேயே இரண்டரை அடி ஆழம். மடையான் அலகு நுனியிலிருந்து வால்வரை ஒன்றரை அடிதான். முக்கால் அடித் தண்ணீரில்கூட அதற்குக் கால் எட்டாது. (ஆள் இடுப்புயரம் நிற்கும் சாம்பல் நாரை வருகிற ஊர்க்காரர்கள் இன்னும் ஆழப்படுத்த வேண்டும்.) விளிம்பைச் சுற்றிக் கடப்பா கல்லை முக்கால் அடி உள்பக்கம் நீட்டிப் பதித்தோம். கொக்கு கல்மேல் நிற்கலாம். மீன் கல்லுக்கடியில் இருக்கும். அடித்தளத்தில் நாலங்குல பிவிசி குழாய்த் துண்டுகள், வாய் உடைந்த இரண்டு பானைகள். மேலே அல்லி, பாதிக் குட்டையை மூடுகிற அளவுக்கு.

பாதி என்பதற்குக் காரணம் உண்டு. நிழல் நல்லதுதானே என்று பாசியும் வெங்காயத்தாமரையும் முழுசாக மூட விட்டவர்களின் குட்டையைப் பார்த்திருக்கிறேன். செடிகளும் இரவில் மூச்சு விடும். தண்ணீரில் கரைந்த பிராணவாயு விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஆகக் குறைவாக இருக்கும். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து மிதக்கும். கொக்கு வருகிற நேரமும் அதுவே. நான் ஒரு சின்ன பம்பு வாங்கி இரவெல்லாம் தண்ணீரைப் பீய்ச்ச விட்டேன். காற்றும் கலந்தது, மேற்பரப்பு சலசலத்துக்கொண்டே இருந்ததில் உள்ளே இருப்பது மேலிருந்து தெளிவாகத் தெரிவதும் குறைந்தது. தீனி நேரத்தையும் பத்து மணிக்குத் தள்ளி, கரையோரத்தில் தூவாமல் நடுவில் போடுகிறேன்.

கொக்கு நேராகத் தண்ணீரில் இறங்குவது அபூர்வம். சற்றுத் தள்ளித் தரையில் இறங்கி, நடந்து வரும். அதனால் கரையிலிருந்து ஓரடி வெளியே முளையடித்து, அரை அடி உயரத்தில் ஒன்றும் ஓரடி உயரத்தில் ஒன்றுமாக வெள்ளைக் கயிறு இரண்டு கட்டியிருக்கிறேன். தாண்டவும் வசதியில்லை, குனியவும் வசதியில்லை. முதல் நாள் அது கயிற்றுக்கு வெளியே நின்று, ஒரு காலைத் தூக்கி, நெடுநேரம் யோசித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பெரிய அளவில் மீன் வளர்ப்பவர்கள் பண்ணைக்குட்டைக்குக் குறுக்கே வரிசையாகக் கயிறு இழுத்துக் கட்டுவதும் ஏறத்தாழ இதே யுக்திதான். அங்கே எதிரி நீர்க்காகம். அது முங்கித் துரத்துகிற பறவை, ஆழம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் காலால் அடித்துக்கொண்டு ஓடினால்தான் எழும்ப முடியும். கயிறு அந்த ஓட்டத்தைக் கெடுக்கிறது. இறால் பண்ணைக்காரர்களுக்குப் பயம் வேறு: ஒரு குட்டையில் நோயால் செத்த இறாலைப் பறவை கவ்விக்கொண்டு போய் அடுத்த குட்டையில் போட்டுவிட்டால் வெள்ளைப்புள்ளி நோய் அங்கேயும் தொற்றிக்கொள்ளும். திருடனைவிடத் திருட்டுப் பொருள் ஆபத்தானது அவர்களுக்கு.

மீன்கொத்தியைச் சொல்லாமல் விட்டேனே. வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று துணி காயப்போடும் கொடிக்கம்பியில் தினமும் வந்து உட்கார்கிறது. கயிறும் செங்குத்துக் கரையும் அதை ஒன்றும் செய்யாது, மேலிருந்து பாய்கிற ஜாதி. முதலில் கொடியை இடம் மாற்றினேன். பிறகு கவனித்தால் அது பெயருக்குத்தான் மீன்கொத்தி. பத்துத் தடவை பாய்ந்தால் எட்டுத் தடவை வெட்டுக்கிளி, ஓணான் குட்டி என்று தரையில்தான். தவிர, விரலளவு மீனைத்தான் அதனால் தூக்க முடியும். அதனால் இரண்டாம் தடவை மீன் வாங்கியபோது சாண் நீளத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்கினேன். விலை கூடத்தான்.

பழைய 22இல் மிஞ்சியவை 9. புதிதாக விட்டவை 8. மடையான் இன்னும் வருகிறது. கிணற்றடி வாய்க்காலில் தலைப்பிரட்டை பொறுக்கிவிட்டுப் போகிறது. நேற்றுக் காலை அத்தை மதில்மேல் தலையை நீட்டினார்.

"எத்தனை இருக்கு தம்பி இப்ப?"

குனிந்து பார்த்தேன். அல்லி இலை அசைந்தது. கல்லுக்கடியில் ஒரு சிவப்பு வால் தெரிந்து மறைந்தது.

"எண்ண முடியல அத்தை. ஒண்ணும் கண்ணுல படமாட்டேங்குது."