மனநல சிகிச்சை: எங்கே போவது, எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது

மனச்சோர்வு, பதற்ற நோய், திடீர் பீதி, மாதக்கணக்கில் நீளும் தூக்கமின்மை, பிரசவத்துக்குப் பிந்தைய சோர்வு ஆகியவை பொதுவான மனநலக் கோளாறுகள். இவற்றில் பெரும்பாலானவை வீட்டிலிருந்தபடியே, வெளிநோயாளியாகவே சிகிச்சை பெற்றுக் குணமாகக்கூடியவை. ஆனாலும் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இந்தக் கோளாறுகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று கண்டது. மருத்துவர் எட்டாத மலைக்கிராமத்தில் மட்டும் நடக்கும் தவறு அல்ல இது. மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் பின்தெருவில் குடியிருப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

பாதிப்பு முதலில் உடம்பில் தெரிவதால் வழி தவறுகிறது. நெஞ்சு படபடக்கிறது என்று ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கிறார்கள். வயிறு எரிகிறது என்று எண்டோஸ்கோப்பி, தலை கனக்கிறது என்று ஸ்கேன். இந்தச் சோதனைகளில் சில தேவையானவைதான். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே காட்டும் என்பதால் அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஆனால் எல்லாம் ‘நார்மல்’ என்று வந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒரு பெயர் வைத்து வைட்டமின் ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் நோயாளி வேறொரு மருத்துவரிடம் அதே சோதனைகளை மறுபடி எடுக்கிறார். சோதனைகளில் கோளாறு எதுவும் தெரியாமல் தொல்லை மட்டும் தொடர்ந்தால், மனநல மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருமாறு அந்த மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

எப்போது போவது என்பதற்கு எளிய அளவு உண்டு. எதிலும் நாட்டமின்மை, அழுகை, அச்சம், தூக்கக்கேடு, பசியின்மை போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து, வேலையையோ படிப்பையோ வீட்டுக் காரியத்தையோ கெடுத்தால் போக வேண்டும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும். அப்படிப் பேசுபவரைத் தனியே விடக் கூடாது. ‘சும்மா மிரட்டுகிறான்’ என்று வீட்டார் தாங்களாகவே முடிவு செய்வதுதான் மிகவும் ஆபத்தானது.

யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் நிறைய. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதும் உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர், மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெறுமனே ‘கவுன்சலிங்’ என்று பலகை தொங்கவிட்டிருப்பவர் சில வார இறுதி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவராகவும் இருக்கலாம். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடம் பணம் கட்ட வேண்டியதில்லை.

பணம் இல்லாதவருக்கும் வழி உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ காலையில் ஓ.பி. சீட்டு பதியும் இடத்தில் ‘மனநலப் பிரிவு’ என்று சொன்னால் போதும், அறை எண் எழுதித் தருவார்கள். தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநலக் குழு குறிப்பிட்ட கிழமைகளில் வந்து போகும். எந்தக் கிழமை என்பதை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கக்கூடப் பல இடங்களில் ஆள் இல்லை. நோயாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ‘டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்’ என்று கேட்டுத் திரும்பிப் போகிறார். அப்படித் திரும்பியவர் மறுபடி வருவது அரிது. ஒரு பலகைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. அதைச் செய்யாத நிர்வாகத்தை மன்னிக்க முடியாது. பலகை வரும்வரை, புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவதே பாதுகாப்பு. அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண் இரவு பகல் எப்போதும் இயங்கும். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

முதல் முறை போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள், ஏற்கெனவே எடுத்த சோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும், நாட்டு மருந்தும் இதில் அடங்கும். தொல்லை எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால், கூட்டமான ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகாது. வீட்டார் ஒருவர் உடன் வருவது உதவும். ஆனால் நோயாளி மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் உடன் வந்தவர் வெளியே போய்விட வேண்டும். அரசு மருத்துவமனையில் தரும் நோட்டைத் தொலைக்கக் கூடாது. மருந்து தொடர்ந்து கிடைப்பது அந்த நோட்டை வைத்துத்தான்.

மாத்திரை விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேலை செய்யத் தொடங்கப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் முதல் வாரத்திலேயே குமட்டல், வயிற்றுக் கோளாறு தெரியும். பலனைக் காண்பதற்கு முன் தொல்லையைக் கண்டுவிடுவதால் பலர் ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் இரண்டாம் மாதம் நன்றாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள். நோய் திரும்ப வருகிறது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி, படிப்படியாக நடக்க வேண்டும்.

தூக்க மாத்திரை வேறு வகை. அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை குறுகிய காலத்துக்கு மட்டுமே எழுதப்படுபவை. தொடர்ந்தால் பழக்கமாகிவிடும், பழகியபின் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இவற்றில் அல்பிரசோலம் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இருந்தும் பழைய சீட்டைக் காட்டியோ, தெரிந்த மருந்துக் கடை என்றோ ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: எந்த மாத்திரையையும் தானாகத் தொடங்கக் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

பிரசவமான பெண்ணுக்கு முதல் சில நாட்கள் அழுகையும் எரிச்சலும் வருவது இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, இரவெல்லாம் உறக்கமில்லை என்றால் அது நோய். ‘பச்சை உடம்பு, காத்துக் கருப்பு’ என்று தாயத்துக் கட்டிக் காலம் கடத்தக் கூடாது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். உள்நோயாளியாகச் சேர நேர்ந்தாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது.

வழிபாட்டையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. தர்காவுக்கு மனநோயாளிகளைக் கூட்டி வரும் ஊரான ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்று அந்த தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசு மனநலக் குழு அங்கேயே மருந்து தருகிறது. எங்கே கூட்டிப் போனாலும் சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம்.

தற்கொலைக்கு முயன்றவரைக் காப்பாற்றிக் கொண்டுவந்த வீட்டார், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ‘தவறிச் சாப்பிட்டுவிட்டார்’ என்று பொய் சொல்கிறார்கள். என்ன, எவ்வளவு என்ற உண்மை தெரியாமல் மருத்துவர் சரியான சிகிச்சை தர முடியாது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரை அவர் பணியில் வற்புறுத்தவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டுமே குற்றமாக இருக்கிறது. மருத்துவமனை எம்.எல்.சி. (மருத்துவச் சட்ட வழக்கு) பதிவு செய்யும், அது நடைமுறை, அதற்காகப் பயப்பட வேண்டாம். உடம்பு தேறியதும் வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம்தான் பயப்பட வேண்டியது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்று வீட்டார் கேட்க வேண்டும், பார்த்த விவரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட வேண்டும். மறுபரிசோதனைத் தேதி இல்லாமல் கிளம்பக் கூடாது.

சிகிச்சை விவரத்தை அலுவலகத்துக்கோ பெண் பார்க்க வருபவர்களுக்கோ சொல்ல மருத்துவமனைக்கு உரிமை இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்க நோயாளிக்கு 25ஆம் பிரிவு உரிமை தருகிறது. முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்க, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். முத்திரைத்தாள் கேட்பவர் சட்டம் படிக்காதவர்.

மருத்துவக் காப்பீட்டில், உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பு தர வேண்டும் என்பது அதே சட்டத்தின் 21(4)ஆம் பிரிவு. நிறுவனம் மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறது என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசிப் பதிலை ஏற்கக் கூடாது. அந்தக் கடிதத்துடன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாளில் தீர்வு வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு செய்யலாம். அதன் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். வெளிநோயாளிச் செலவைப் பல பாலிசிகள் எந்த நோய்க்கும் தருவதில்லை என்பதால், அந்த வரியை முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

மருத்துவமனையில் குறை என்றால் முதலில் பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் புகார் தந்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். வாய்மொழிப் புகாருக்கு மதிப்பே இல்லை. பதிலில் திருப்தி இல்லாதபோது மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனு செய்யலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. மனு எழுதத் தெரியாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். அதன் உதவி எண் 15100. வாரியத்தின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.