கட்டியை எடுத்தாயிற்று, இனி மருந்து எதற்கு?

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயமொன்றில், கொழுந்து பறிக்கும் தாயொருத்தியை எண்ணிப் பாருங்கள். கழுத்தில் எழுந்த கட்டியைப் பதுளையிலே சத்திர சிகிச்சை செய்து அகற்றிவிட்டனர், புண்ணும் ஆறிற்று. ஆயினும், அது நிணநீர்ப் புற்றுநோய் என்றும், கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை வேண்டுமென்றும் வைத்தியர் கூறுகிறார். "கட்டிதான் போய்விட்டதே, இனி மருந்து எதற்கு?" என்கின்றனர் வீட்டார். வைத்தியசாலைக்குச் செல்லும் நாளெல்லாம் பேர் இழக்கும் குடும்பத்தினர் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை.

விடை நோயின் இயல்பிலேயே உள்ளது. நிணநீர்க் கலங்கள் உடலெங்கும் உலாவுவன. ஆதலின், ஒரு கணுவை வெட்டியெடுப்பது பெரும்பாலும் நோய் இன்னதென அறிவதற்கேயன்றி, அதனை வேரறுப்பதற்கன்று. கண்ணுக்குப் புலப்படாது எஞ்சி நிற்பதை இரத்தத்தின் வழியே சென்று அழிப்பது மருந்தேயாகும்.

அம்மருந்துகளுள் ஒன்று நமக்கு அந்நியமானதன்று. வீட்டு வாசல்களிற் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்ததை, 1958இல் கனடாவிற் பணியாற்றிய நோபிள், பியர் என்னும் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். அதே செடி தந்த வின்கிறிஸ்டின் இன்றும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழங்கப்படுகிறது. ஆனால் அவ்விலையை வீட்டில் அவித்துக் குடித்தல் ஆகாது, அது நஞ்சு.

எல்லோருக்கும் உடனே மருந்து வேண்டுமென்பதில்லை. மெல்ல வளரும் வகையாயின், தொல்லை தராதவரை கண்காணித்திருப்பதும் உண்டு. விரைந்து வளரும் வகையிலோ தாமதமே பகை. அவ்வகையிலும் மருந்தினாற் பூரண குணமடைந்தோர் பலர். பெரும்பாலும் மூன்று வாரத்துக்கொரு முறையாக ஏறத்தாழ ஆறு முறை மருந்து ஏற்றுவர். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணமில்லை. ஆகவே இழக்கும் பேர்களை முன்னரே கணக்கிட்டு, வீட்டார் பங்கிட்டுக்கொள்ளலாம்.

முடிகொட்டும், பின்னர் வளரும். குமட்டலுக்கு மருந்துண்டு. ஆனால் சிகிச்சைக் காலத்திற் காய்ச்சல் கண்டால், கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக் காலங்கழிக்கலாகாது. நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

மாணவர்களே, ஆங்கிலத்தில் வரும் அறிக்கையை வாசித்து வீட்டாருக்குப் பொருளுரைப்போர் பல வேளைகளில் நீங்களே. நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள்: எவ்வகை நோய்? எவ்வளவு பரவியுள்ளது? மருந்தின் நோக்கம் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்துவதா? பிற்காலத்திற் பிள்ளைப்பேற்றிற்குப் பாதகமுண்டா?

விடைகளை அறிந்தபின் அத்தாயே முடிவு செய்யட்டும். கட்டி போயிற்று என்ற நிம்மதி மட்டும் அவளுக்காக முடிவு செய்துவிடலாகாது.