வலி நின்னதும் மாத்திரையை நிறுத்தலாமா? லூபஸ் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

வாரக்கணக்கில் தீராத அசதி, காலையில் விரல் மூட்டுகளில் வலி, அடிக்கடி வாய்ப்புண், கொத்தாக முடி கொட்டுதல், வெயில் பட்டால் மூக்கிலும் கன்னங்களிலும் சிவப்புத் தடிப்பு. தனித்தனியாகப் பார்த்தால் ‘வேலை டென்ஷன்’, ‘ரத்தம் கம்மி’ என்று கடந்துபோவோம். ஒருத்தருக்கே இவை சேர்ந்து வந்தால், லூபஸா என்று பார்த்துவிடுவது நல்லது.

லூபஸ் என்றால் என்ன?

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் நம் உடலையே தாக்குவதுதான் லூபஸ். நடிகை சமந்தா 2022-ல் தனக்கு இருப்பதாகச் சொன்ன மயோசிடிஸும் இதே ‘ஆட்டோ இம்யூன்’ வகைதான். இது தொற்றாது. நோயாளிகளில் 10-ல் சுமார் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ‘ஏ.என்.ஏ’ ரத்தப் பரிசோதனை. ஆனால், அது பாசிட்டிவ் என்றாலே லூபஸ் என்று அர்த்தமில்லை. அறிகுறிகள், மற்ற பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

பெரிய ஆபத்து எது?

மூட்டு வலித்தால் டாக்டரிடம் ஓடுவோம். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது. சிறுநீரில் நுரை, கால் வீக்கம் தெரிவதற்குள் பாதிப்பு அதிகமாகியிருக்கலாம். பாப் பாடகி செலினா கோம்ஸுக்கு லூபஸால் 2017-ல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையே நடந்தது. சிறுநீரில் புரதம் போகுதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை இதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

மாத்திரையை நிறுத்தினால்?

அடிப்படை மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். 2020-ல் கொரோனாவுக்காகப் பரபரப்பாகப் பேசப்பட்டதே, அதே மாத்திரைதான். முழுப் பலன் தெரிய சில மாதங்கள் ஆகும். வலி போனதும் நிறுத்தினால் நோய் மறுபடி சீறலாம். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அளவைக் குறைப்பதையும் டாக்டர்தான் முடிவு செய்யணும். கண் பரிசோதனையையும் தவிர்க்கக் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்க.

தருமபுரியில் என்ன செய்யலாம்?

வெயில் லூபஸைத் தூண்டும். தக்காளி, மாந்தோப்பு வேலைக்குப் போறவங்களும், பைக்கில் ஓசூர் போய் வர்றவங்களும் முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் பயன்படுத்தணும். சந்தேகம் இருந்தால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டலாம். சிறப்பு சிகிச்சைக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் ‘ரூமட்டாலஜி’ பிரிவு இருக்கு.

லூபஸை முழுசாகக் குணப்படுத்த இப்போதைக்கு மருந்து இல்லை. ஆனால், கட்டுக்குள் வைத்துக்கொண்டு படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குழந்தையும் பெத்துக்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, ‘யூரின் டெஸ்ட் எடுக்கணுமா?’ என்று மறக்காமல் கேளுங்க.